காலையிலிருந்து தேடிய பந்து

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. புனேயில், ஹிஞ்சவடியில் இருக்கிற எங்கள் கம்பெனியின் உதவி மேசையில், அழைப்பு வராத நேரங்களில் நாற்காலியை உருட்டிக்கொண்டே அடுத்தவர் மேசைக்குப் போய்விடுவேன். ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து விற்கிற கம்பெனி. எங்கோ ஓர் ஊரில் ஒரு லேப் டெக்னீஷியனுக்கு வேலை ஓடாமல் நின்றுபோய், அவர் திரையின் மூலையில் இருக்கிற உதவிப் பொத்தானை அழுத்தினால், எங்கள் மேசையில் ஒரு டிக்கெட் விழும். நாங்கள் அவரைக் கூப்பிட்டு இந்தியிலோ இங்கிலீஷிலோ, ஒருதடவை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்போம். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மீதியை வேறு யாருக்காவது தள்ளிவிடுவோம். இதையே செய்து செய்து கிழவியாகிவிடுவேனோ என்ற பயம், தினமும் காலையில் வாகட் பாலத்தடியில் ஸ்கூட்டரோடு நெரிசலில் நிற்கும்போது எனக்கு வரும்.

எங்களுக்கு எதிர் வரிசையில் பயிற்சிக் குழு. மென்பொருள் விற்ற ஊருக்குப் போய் அங்கிருப்பவர்களுக்குச் சொல்லித்தருவது அவர்கள் வேலை. அதில் மூத்தவர் ஒரு மராத்திப் பெண்மணி. எல்லோரும் அவரைத் தாயி என்போம்; மராத்தியில் அக்கா. அவர் மேசையில் துபாய், நைரோபி, காட்மாண்டு என்று போன இடத்திலிருந்தெல்லாம் வாங்கிவந்த காந்த பொம்மைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். என் மேசையில் தண்ணீர் பாட்டில்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி எங்கள் மென்பொருளை வாங்கியிருக்கிறது என்று மேலாளர் கூட்டத்தில் சொல்லத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அவங்க தமிழ், நானும் தமிழ். தமிழ்லயே சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன் சார்" என்றேன், இந்தியில்.

"எல்லா ஊர்லயும் தாயி இங்கிலீஷ்லதான் நடத்தறாங்க. யாரும் குறை சொன்னதில்லையே."

"சொந்த பாஷையில சொன்னா பாதி நேரத்துல முடிஞ்சிடும்."

தாயி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இவளுக்கு எதுதான் பாதி நேரத்துல முடியாது? காலைல பார்த்தேன், லிஃப்டுக்குள்ளயே நடந்துகிட்டிருந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உட்காரவில்லை. கடைசியில் தாயியே, மகனுக்குப் பரீட்சை, இவள் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். மேலாளர் விரலை ஆட்டிக்கொண்டே கணக்கைச் சொன்னார். மூன்று நாள் பயிற்சி. முடிவில் தங்கள் ஆட்கள் தயார் என்று அந்த ஆஸ்பத்திரி நிர்வாகி ஒப்புதல் தந்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பயிற்சிக் குழுவில் இடம். தராவிட்டால் ஹெட்போன் எங்கேயும் போகாது, மேசையிலேயே இருக்கும்.

அன்று சாயங்காலமே ஏரவாடாவுக்கு அப்பா அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து இளவயதில் இங்கே தளவாட ஆலை வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற்றும் விடியற்காலையில் எழுந்து, போக இடமில்லாமல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு யாருடைய உடம்பு என்று அதிலேயே தெரிந்துவிடும்.

"பாடம் எடுக்கப் போறியா? இன்னா பாஷையில?"

"தமிழ்லதான்பா."

அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பினார். சமையலறையிலிருந்து அம்மா, "அந்த டிவிய பந்த் பண்ணுங்களேன், பொண்ணு இன்னாவோ பெரிசா சொல்றா இல்ல" என்றாள்.

"இவ தமிழ்லயா?" என்றான் தம்பி, போனிலிருந்து தலையைத் தூக்காமல். "பாவம், அவங்களுக்கே ஒடம்பு சரியில்லாமத்தான ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"டேய், ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு இல்லடா, லேப்ல வேலை செய்றவங்களுக்கு."

"அவங்களுக்கும் ஆயிடும்."

"நாக்க அடக்குடா. மொதல்ல அந்த ஃபேன சாலு பண்ணு, அக்காவுக்கு வேர்க்குது பாரு" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் எதுவும் தொடங்கினால் சாலு, முடிந்தால் பந்த். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். அன்று அம்மா கட்டித்தந்த பாகர்வடிப் பலகாரப் பொட்டலத்தோடு வெளியே வரும்போது அப்பா வாசல்வரை வந்து, "நல்லா பேசிட்டு வா" என்றார். அவர் என்னிடம் அப்படி எதையும் சொல்கிறவர் அல்ல.

*

யாழ்ப்பாணத்தில் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துத் தந்திருந்தார்கள். ஒரு டஜன் பேர் இருப்பார்கள். பெண்கள்தான் அதிகம். என்னை மிஸ் என்றார்கள். வெளிநாட்டில் என்னைச் சுற்றி எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள் என்பதே எனக்குப் போதை மாதிரி ஏறியிருந்தது. பலகையில், பஸ்ஸில், மருந்துக் கடையில் எங்கே பார்த்தாலும் தமிழ். எனக்கு வாசிக்க நேரம் பிடிக்கும். அதனால் என்ன, பேசத்தானே வந்திருக்கிறேன்.

"இன்னைக்குப் பூரா நான் உங்களைப் பேசப் போறேன், சரியா?" என்று தொடங்கினேன். உங்ககிட்ட என்று சொல்ல வந்தது, வேகத்தில் இப்படி விழுந்துவிட்டது.

ஜன்னலோரம் இருந்த, என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் சொன்னாள். "ஏன் மிஸ், நாங்கள் இன்னும் ஒரு பிழையும் விடேல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். என்ன நகைச்சுவை என்று தெரியாமலேயே நானும் சேர்ந்து சிரித்தேன். வகுப்பு கலகலப்பாகத் தொடங்கிவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. அந்த ஊரில் பேசுவது என்றால் திட்டுவது, நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் அப்பா வாசலில் நின்று, நல்லா பேசிட்டு வா என்று சொல்லி அனுப்பியதை அவர்களிடம் நான் சொல்லவே இல்லை.

நான் ஓடத் தொடங்கினேன். வேறு எப்படிச் சொல்வது? ரத்த மாதிரியைப் பதிவது, முடிவை ஏற்றுவது, இன்னொருவர் அதைச் சரிபார்த்து அங்கீகரிப்பது என்று திரை திரையாகத் தாவினேன். மௌஸைத் தொடுவது எனக்குப் பிடிக்காது, நேரம் வீண். எல்லாவற்றையும் கீபோர்டிலேயே தட்டிவிடுவேன். சுவரில் விழுந்த பெரிய திரையில் பக்கங்கள் தாமாகவே தோன்றித் தாமாகவே மறைந்தன.

"மெஷின் சாலு ஆனதும் உங்க பேர்ல உள்ள வாங்க. உங்க வேலை முடிஞ்சா ஒடனே பந்த் பண்ணிடுங்க. அப்பதான் அடுத்தவங்க அவங்க பேர்ல வரலாம். பந்த் பண்ண மறக்கவே கூடாது. புரியுதா?"

"ஓம்."

ஓம் என்றால் ஆமாம் என்று தெரியும். ஒரு டஜன் பேர் சேர்ந்து ஓம் என்றால் பூஜை அறை மாதிரி இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், அந்த ஓசைக்காகவே அடிக்கடி புரியுதா என்று கேட்டேன்.

தேநீர் வேளைக்குப் பிறகு ஜன்னல் பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லுவீங்களோ?"

எனக்கு மனம் இளகிவிட்டது. புது மென்பொருள், பயந்திருக்கிறார்கள், ஆறுதல் கேட்கிறார்கள். நான் அவள் பக்கத்தில் போய், "ஒண்ணும் கவலைப்படாதீங்க, நீங்கல்லாம் ரொம்ப கெட்டிக்காரங்க, ரெண்டே நாள்ல ஜல்தி ஜல்தியா பண்ணிடுவீங்க" என்று தைரியம் சொன்னேன். அதே வேகத்தில். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஆறுதலாய் என்றால் அங்கே மெதுவாய் என்று அர்த்தம். அவள் கேட்டது வேகத்தைக் குறைக்கச் சொல்லி. நான் கொடுத்தது தேறுதல்.

அன்றிரவு மேலாளருக்கு, பிரமாதமாகப் போகிறது, மூன்று நாள்கூடத் தேவைப்படாது என்று செய்தி அனுப்பினேன்.

மறுநாள் ஒத்திகை. பொய்யான நோயாளிகள், பொய்யான ரத்த மாதிரிகள், ஆனால் வேலை மட்டும் உண்மையைப் போல நடக்கவேண்டும். ஒருவர் முடிவை ஏற்றவேண்டும், வேறொருவர் வந்து அங்கீகரிக்கவேண்டும். அரைமணியில் எல்லாத் திரையிலும் சிவப்பு. முடிவை ஏற்றியவரே அதை அங்கீகரிக்க முடியாது என்று மென்பொருள் மறுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் காலையில் முதலில் உட்கார்ந்தவர் பெயரிலேயே எல்லா வேலையும் பதிவாகியிருந்தது. யாருமே தன் பெயரிலிருந்து வெளியே வந்திருக்கவில்லை.

"பந்த் பண்ணீங்களா?"

"ஓம் மிஸ்."

"பண்ணலையே. பண்ணிட்டு மறுபடி பாருங்க."

பண்ணினார்கள். மறுபடி சிவப்பு. நான் வரிசைக்கு வரிசை ஓடினேன். ஒருவர் திரையில் நான் பார்க்கும்போது அடுத்தவர் கூப்பிடுவார். அங்கே போவதற்குள் பின்னாலிருந்து இன்னொருவர். மின்விசிறியைத் தாண்டி என் குரல்தான் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் போன் அதிரத் தொடங்கியது. புனேயில் என் பக்கத்து மேசைக்காரி.

"என்னடி பண்றே அங்க?" என்றாள் இந்தியில். "காலைலேந்து உன் ஆஸ்பத்திரியிலிருந்து டிக்கெட்டா கொட்டுது. எல்லாம் காலி டிக்கெட், ஒரு எழுத்து கூட இல்ல. சார் என் தலைக்கு மேல நிக்கறார்."

"யாரும் உதவி கேக்கலையே. நான்தான் இங்கயே இருக்கேனே."

"கேக்கறாங்க. இப்பகூட மூணு விழுந்தது."

போனைக் கையில் பிடித்தபடியே திரும்பி, நான் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். "எத்தனை தடவை சொல்றது, பந்த் பண்ணுங்க, பந்த் பண்ணுங்கன்னு. அது ஒண்ணைப் பண்ணா எல்லாம் சரியாயிடும்."

இப்போது நிஜமாகவே பேசிவிட்டேன், அவர்கள் அர்த்தத்தில். ஜன்னல் பெண் எழுந்தாள்.

"மிஸ், குறை நினையாதேங்கோ. நீங்கள் சொல்லுற பந்து இதுதானே?" திரையின் மூலையில் விரலை வைத்தாள். நீல நிறத்தில், உருண்டையாக, எங்கள் உதவிப் பொத்தான். "காலமையில இருந்து தேடித் தேடி இதைத்தான் கண்டுபிடிச்சனாங்கள். வேற உருண்டையா ஒண்டையும் காணேல்லை. இதை அமத்தினா நன்றி எண்டு வருது. அப்ப சரி எண்டு நினைச்சம்."

அவள் சொன்னது முழுதாக எனக்குள் இறங்க நேரம் பிடித்தது. பந்த் பண்ணுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் ஒரு பந்தைத் தேடியிருக்கிறார்கள். கிடைத்த ஒரே பந்தை ஒழுங்காக, மறக்காமல், வேலை முடிந்ததும் ஒவ்வொருவராக அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஹிஞ்சவடியில் என் சொந்த மேசையில் ஒரு காலி டிக்கெட் விழுந்திருக்கிறது.

"பந்த்னா... மூடறது. க்ளோஸ் பண்றது" என்றேன். "தமிழ்தானே அது?"

"எங்களுக்கு இல்லை மிஸ்."

"சாலு?"

"அதை நாங்கள் மெஷின்ட பேர் எண்டு நினைச்சனாங்கள்" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா.

மராத்தியிலும் அந்த வார்த்தைகள் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெட்டிக்கடைக்காரர் சொல்வார், பஸ் கண்டக்டர் சொல்வார். ஆனால் அம்மா வாயிலிருந்து வந்தது தமிழாகத்தானே இருக்கமுடியும்? நாங்கள்தான் மராத்திக்காரர்களுக்கு அவற்றைக் கொடுத்திருப்போம் என்றுகூட நான் ஒரு காலத்தில் நினைத்திருக்கலாம். யோசித்ததே இல்லை என்பதுதான் உண்மை.

மதியம் நிர்வாகி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்ட நடுவயதுக்காரர். எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார். அது ஆறும்வரை வேறு ஏதோ கதைத்தார்.

"தங்கச்சி, பிள்ளையள் ஒண்டு கேக்கினம். நாளைக்கு இங்கிலீசில நடத்தேலுமோ?"

"இங்கிலீஷா? தமிழ்ல சொன்னாத்தானே சார் அவங்களுக்கு ஈஸி?"

"தமிழ் எண்டால் லேசுதான்" என்றார். கோப்பையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அன்றைக்கு விடுதிக்குப் போக முடியவில்லை. வெயில் இறங்கும்வரை ஊருக்குள் நடந்தேன். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனேன். முந்தின நாள் என்னைக் கூப்பிட்ட எழுத்துகள் இன்று என்னை ஓரக்கண்ணால் பார்த்தன. புனேயில் என்னை மதராசி என்பார்கள், நான் விறைப்பாக, தமிழ் என்று திருத்துவேன். தமிழுக்கென்றே இருக்கிற ஒரு ஊரில் கடைசியாக வந்து இறங்கினால், தயவுசெய்து இங்கிலீஷில் பேசு என்கிறார்கள். ஒப்புதல் கிடைக்காது என்று முடிவே செய்துவிட்டேன். மேலாளரிடம் என்ன சொல்வது, தாயியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே, ஒரே தெருவை எத்தனை முறை சுற்றினேனோ.

மூன்றாம் நாள் இங்கிலீஷ். மௌஸைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாக்கியம் சொன்னதும் நிறுத்தவேண்டியிருந்தது, ஏனென்றால் ஜன்னல் பெண் அதைத் தன் பக்கத்திலிருப்பவர்களுக்குத் தமிழில் சொன்னாள், அவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள். அது முடியும்வரை எனக்கு வேலை இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நாக்கு துடித்தது. பதிலை நானே சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போனால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது. வேறு வழியில்லாமல் அவர்கள் சொல்வதைக் கேட்டேன்.

"இப்ப என்ன சொன்னீங்க, சைன் அவுட்டுக்கு?"

"வெளியில வாறது எண்டனான் மிஸ்."

வெளியில் வருவது. உள்ளே வா என்று சொல்லத் தெரிந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த தடவை, "வேலை முடிஞ்சதும் வெளியில வாங்கோ" என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். வாங்கோ என்று நான் இழுத்ததில் சிரிப்பு எழுந்தது. ஆனால் எல்லோரும் வெளியில் வந்தார்கள். மதியத்துக்குமேல் திரைகளில் சிவப்பு இல்லை. புனேக்கு ஒரு காலி டிக்கெட்டும் போகவில்லை.

சாயங்காலம் நிர்வாகி வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"ஒப்புதல் தாறன். ஆனா ஒரு கதை இருக்கு."

"சொல்லுங்க சார்."

"நாங்கள் தொடங்கினாப் பிறகு பிள்ளையள் பந்தை அமத்தினால், அங்கால நீங்கள்தான் எடுக்கவேணும். வேற ஆரோ எடுத்து இந்தியில கதைச்சால் இவையள் பயந்திடுவினம். நீங்கள் எண்டால் பேசமாட்டீங்கள் எண்டு இப்பத் தெரியும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் வாயோரம் லேசாக அசைந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஒப்புதலை வாங்கத்தான் வந்தேன். இதைக் காட்டி அந்த மேசையிலிருந்து எழுந்துவிடத்தான் வந்தேன். அவர் ஒப்புதலையும் தருகிறார், என்னை அதே மேசையில் உட்காரவும் சொல்கிறார். அதெல்லாம் எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். உள்ளே அவர்கள் நாற்காலிகளை ஒழுங்குபண்ணுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் பெண் யாரிடமோ, பந்தைச் சும்மா அமத்தாதே, மிஸ் ஓடி வருவா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு அது புதிது. அவரும் அவசரப்படுத்தவில்லை.

"ஓம்" என்றேன்.

*

மேலாளர் சந்தோஷப்பட்டார். ஒப்புதல் வந்துவிட்டது, கூடவே மேசையில் ஆளும் இருக்கிறாள். தாயியின் காதுக்குப் பந்துக் கதை எனக்கு முன்பே போயிருந்தது. "என் இங்கிலீஷ்ல இந்த வம்பெல்லாம் இல்ல பார்" என்றார். பிறகு, நைரோபியில் ஒருநாள் முழுக்க எல்லோரும் தலையாட்டியதை நம்பி ஏமாந்த கதையைச் சொல்லிவிட்டு, காட்மாண்டுவுக்குப் பெட்டி கட்டப் போய்விட்டார்.

ஏரவாடாவில் அப்பா, நல்லா பேசினியா என்று கேட்டார். பேசினேன்பா என்றேன். தம்பியிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். அவன் சிரித்து முடிப்பதற்குள் சோறே ஆறிவிட்டது. இப்போது அவன் வீட்டில் டிவியை அணைக்கவேண்டுமென்றால் அம்மாவிடம் போய், "பந்து எங்கம்மா?" என்கிறான். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பந்த் பண்ணுடா என்று சொன்னால் நான் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியதும் டிக்கெட்டுகள் வரத் தொடங்கின. என் பக்கத்து மேசைக்காரி கதையைக் கேட்டதிலிருந்து, அங்கிருந்து ஒன்று விழுந்தாலே "பந்து ஆலா" என்று மராத்தியில் குரல் கொடுப்பாள், பந்து வந்துவிட்டது என்று. மொத்த வரிசையும் திரும்பி என்னைப் பார்க்கும். அந்த ஆஸ்பத்திரியில் உதவிப் பொத்தானுக்கு இப்போது அதுதான் பெயர். புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித்தருகிறார்களாம். அடுத்த மாதம் என்றிருந்த என் இடமாற்றம் அதற்கடுத்த மாதமானது, பிறகு மழைக்குப் பிறகு என்றானது. எனக்குக் கால் ஆடாத நாளில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் ஜன்னல் பெண் அழுத்தியிருந்தாள். கூப்பிட்டேன்.

"மிஸ், இங்க ஒரு புதுப் பிள்ளை வந்திருக்கிறா. வெளியில வர அவவுக்குத் தெரியேல்லை. நான் சொல்லிக்குடுத்தால் சிரிக்கிறா. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

போன் கை மாறியது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் மேலாளர் என் மேசைக்கு வந்து நின்றார். கோலாலம்பூர், அடுத்த வாரம், தாயியால் போகமுடியாது, போகிறாயா, இப்போதே சொல்லவேண்டும் என்று தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னார். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். என் உடம்பு என்னைக் கேட்டா எழுகிறது?

"ஹலோ?" என்றது போனில் அந்தப் புதுக் குரல், மிகவும் சன்னமாக. "மிஸ், நீங்கள் அவசரமெண்டால் பிறகு..."

மேலாளரிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.

"அவசரமில்ல. ஆறுதலாய்ச் சொல்லுங்க. இப்ப திரையில என்ன தெரியுது?"